புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள்
‘அமேசிங் கிரேஸ்’ என்னும் புகழ்பெற்ற கிறித்தவப் பாடலை எழுதிய ஆங்கிலேயர் ஜான் நியூட்டன் 1748இல் நடுக்கடல் புயலில் சிக்கிக் கடவுள் நம்பிக்கைக்குத் திரும்பியவுடன் அடிமை வணிகத்தைக் கைவிட்டார் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதப்பட்டிருப்பது சரியன்று. அப்போது 22 வயதே ஆகியிருந்த அந்த மாலுமி, அதன் பிறகுதான் அடிமைக் கப்பலின் தலைவராகவே உயர்ந்தார்; கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடக்க, மேலே ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார் என்பதுதான் இவ்வரலாற்றில் நெஞ்சை மிகவும் உறுத்தும் பகுதி. 1754இல் அவரைக் கரையில் நிறுத்தியது மனச்சான்று அன்று, திடீரெனத் தாக்கிய நோய். மறு ஆண்டு லிவர்பூலில் சுங்கப் பணியில் சேர்ந்தார். குருப்பட்டம் கிடைத்தது 1764இல். அடிமை வணிகத்தை வெளிப்படையாகக் கண்டித்து அவர் எழுதிய சிறுநூலோ 1788இல்தான் வந்தது. தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அந்த வாக்குமூலம் காலம் கடந்து வருகிறது என்பதை (இதையாவது பாராட்ட வேண்டும்) அதிலேயே அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.