மாமி அரிச்செடுத்த தங்கம்

யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில இனி ஏறி இறங்க நகைக்கடை இல்லை. இந்த வெய்யிலுக்குள்ள, மாமியை மோட்டச்சைக்கிளில பின்னால ஏத்திக்கொண்டு, ஒரு கண்டறியாத போத்திலுக்காக! அவுஸ்திரேலியாவில ஆரும் இருக்கிற வீட்டுக்காரருக்கு உந்தப் போத்திலைத் தெரிஞ்சிருக்கும். சுண்டுவிரல் அளவு, உள்ளுக்குத் தண்ணி, அடியில கண்ணைச் சிமிட்டினால் காணாமல் போற மஞ்சள் தூள். அங்க பலரட் எண்ட ஊரில மாமி தன்ர கையால அரிச்செடுத்த தங்கமாம்.

மச்சான் பாவம், குடும்பத்தோட ஒருநாள் சந்தோசமா இருப்பம் எண்டு பலரட்டில இருக்கிற சவரின் ஹில்லுக்கு, அந்தக் காலத் தங்கச் சுரங்கப் பட்டணம் மாதிரியே கட்டி வைச்சிருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். நானும் வாசிச்சு ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் போனன். 1851இல தங்கம் எண்டு உலகமே அங்க ஓடினது, கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் அரசாங்கம் லைசென்ஸ் காசு எண்டு தொடக்கத்தில மாதம் 30 ஷில்லிங் பிடுங்கினது, அந்த ஆத்திரம் முத்தி 1854இல அங்கயே யுரேக்கா எண்ட இடத்தில துவக்குச் சண்டையா முடிஞ்சு சனம் செத்தது. ஆருக்குச் சொல்ல? சுரங்கத்துக்குள்ள, 1858இல இங்கிலாந்தின்ர கோர்ன்வால் ஆக்கள் 22 பேர் 180 அடி ஆழத்தில வெல்கம் நகெட் எண்ட தங்கக் கட்டியைக் கண்டெடுத்த கதையை இருட்டில காட்டுவினம். ஒரே கட்டி, கிட்டத்தட்ட 69 கிலோ. எனக்கு மயிர் கூச்செறியுது. காதுக்குள்ள மாமி: “மருமோன், உது எத்தினை பவுண்?”

8,600க்கு மேல வரும் மாமி எண்டன். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. தாயும் மகளும் அந்த இருட்டுக்குள்ளயே நிண்டு ஊரில ஆருக்கு எத்தினை பவுண் சீதனம் எண்டு பிரிக்கத் தொடங்கிட்டினம். தன்ர பங்கு காணாதெண்டு மனுசிக்கு என்னோட கோவம், என்னோட! 1859இல லண்டனில அதை உருக்கிப்போட்டாங்கள் எண்டு சொல்லிப் பாத்தன். “சேதாரம் எவ்வளவு போச்சுதாம்?”

பேந்துதான் அந்த ஓடை. தட்டும் மண்வெட்டியும் தருவினம், மண்ணை அள்ளி அரிக்கவேண்டியதுதான். தங்கம் பாரம், அடியில தங்கும், மண் தண்ணியோட போகும். மாமி சீலையை இடுப்பில சொருகிக்கொண்டு குந்தினா. அரிக்கன் சட்டியில அரிசி அரிச்ச கை எல்லோ, சும்மா சொல்லக்கூடாது, வெள்ளைக்காரப் பிள்ளையள் சுத்தி நிண்டு பாத்ததுகள். சனம் வெறுங்கையோட போகக்கூடாதெண்டு அவையளே ஓடைக்குள்ள தங்கத் தூளைப் போட்டு வைக்கிறவை எண்டு நான் சொன்னது மட்டும் அவாவின்ர காதில விழவேயில்லை. சாப்பாடில்லை, தேத்தண்ணியில்லை, பூட்டுற நேரம்வரைக்கும் அரிப்பு.

சரி, ஊருக்குத் திரும்பினதோட அது முடிஞ்சுது எண்டுதானே நினைச்சன்? இண்டைக்குக் காலமை: “தம்பி, வெளிக்கிடுங்கோ. இதை உருக்கிப் பேத்தியின்ர காப்போட சேர்ப்பம்.”

முதல் கடையில தாலிக்கொடி எடுக்க வந்த கலியாணக் கூட்டம். அதுக்குள்ள பூந்து மாமி போத்திலை மேசையில வைச்சா. கடைப் பொடியன் பாத்தான், கண்ணாடி வைச்சும் பாத்தான். தண்ணியை வடிச்சுக் கடதாசியில கொட்டித் தராசில வைச்சால் 0.00. காத்தாடியாலதான் தராசு பிழைக்குதாம், நிப்பாட்டச் சொன்னா. நிப்பாட்டினாங்கள். கலியாண வீட்டார் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நிக்க, தராசு ஒருக்கா 0.01 எண்டு மின்னிச்சுது. “பாத்தியளோ!” எண்டு மாமி போட்ட சத்தத்தில மாப்பிள்ளையின்ர தாய் நெஞ்சில கைவைச்சிட்டா. திரும்பவும் 0.00. இனி ஒரு துணிக்கையும் தவறக்கூடாதெல்லோ, கடதாசியை வழிச்சு வழிச்சுப் போத்திலுக்குள்ள போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு விசர் பிடிச்சிட்டுது.

அடுத்த கடை. அதே போத்தில், அதே 0.00. அதுக்கடுத்த கடையிலயும் தராசு பிழையாம். கன்னாதிட்டித் தராசெல்லாம் ஒரே நாளில பழுதாப்போச்சுது போல!

கடைசியா ஒரு வயசான பத்தர், நல்ல மனுசன், பக்குவமாச் சொன்னார்: “அம்மா, உருக்கினால் மூசையில ஒட்டினது போக ஒண்டும் மிஞ்சாது.” மாமி என்னை வெளியால இழுத்துக்கொண்டு வந்து, “பாத்தியளோ மருமோன், முழுசையும் சேதாரத்தில கழிக்கப் பாக்கிறார்!”

சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியாமல் மோட்டச்சைக்கிளடிக்கு வந்தால், கண்ணாடியில கொழுவின என்ர ஹெல்மெட்டைக் காணேல்லை. புதுசு! அதுக்குப் பதிலா வார் அறுந்து, உள்பஞ்சு உரிஞ்சு, நல்லெண்ணெய் நாறுற ஒண்டு தொங்குது. எடுத்துக்கொண்டு போன அண்ணை, எடுத்தது எடுத்தியள், உங்கட ஹெல்மெட்டை ஏன் எனக்கு விட்டிட்டுப் போனியள்?