காதால கம்ப்யூட்டர் ஓட்டுன காலம்

பழைய கம்ப்யூட்டர்னு பேச்செடுத்தாலே எல்லாரும் பச்சை எழுத்து, 640 கேபி மெமரின்னு ஆரம்பிச்சிடுறாங்க. எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது சத்தம்தான்.

சுவிட்ச் போட்டதும் மெமரியை எண்ணும், திரையில நம்பர் ஏறிக்கிட்டே போகும், ஃபைல் வைக்கிற ஃபிளாப்பி தட்டைப் படிக்கிற டிரைவ் ஒரு தடவை தொண்டையைச் செருமும், அப்புறம் ஒரே ஒரு பீப். ஒரு பீப்னா எல்லாம் நலம். அதுக்கு மேல வந்துச்சுன்னா இன்னிக்கு வேலை நடக்காதுன்னு எந்திரிச்சிடலாம். (பீப்பை எண்ணியே கோளாறு என்னன்னு சொல்ற ஒருத்தர் எங்ககூட இருந்தாரு, வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி காதைச் சாய்ச்சுக்கிட்டு நிப்பாரு.)

எங்ககிட்ட இருந்த அஞ்சேகால் இன்ச் ஃபிளாப்பியில 360 கேபிதான் பிடிக்கும். வேர்ட்ஸ்டார்னு அப்போ டைப் அடிக்கிற சாஃப்ட்வேர், அதுல சேவ் பண்ண கன்ட்ரோல் கே எஸ் அமுக்குனா லைட் எரியும், உள்ள டக் டக்னு சத்தம் சீரா கேட்கும், அப்பாடா சேவ் ஆயிடுச்சு. அதே டிரைவ் ஃபைலைப் படிக்கும்போது ஒரே இடத்துல நின்னு கர்ர்... கர்ர்...னு இழுத்தா 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்'னு (விட்டுடவா, மறுபடி பார்க்கவா, தோல்வின்னு வச்சுக்கவா) திரையில கேள்வி வர்றதுக்கு முன்னாடியே வயித்தைக் கலக்கிடும். ஆர் அமுக்குவோம், மறுபடி ஆர், மறுபடி ஆர். சில சமயம் ஏழாவது தடவை படிச்சும் தொலைக்கும், அதனாலதான் அந்த ஆசை விடவே இல்ல.

டைப்ரைட்டர்ல பழகி வந்தவங்க அடிக்கிற வேகத்துக்கு மெஷினால ஈடு கொடுக்க முடியாது. அடிச்ச எழுத்து வரிசையில காத்திருக்கிற கீபோர்டு பஃபர்ல 15 எழுத்துதான் நிக்கும், அதுக்கு மேல அடிச்சா பீப் பீப்னு கத்தும். மனுஷன் வேகத்தைத் தாங்காம மெஷின் கத்துன காலம் அது!

ஆனா சத்தத்துல ராஜான்னா, ஊசியால ரிப்பனைக் குத்திப் புள்ளி புள்ளியா எழுத்து அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். பக்கத்து ரூம்ல ஓடும்போதே டிராஃப்டா, நல்ல எழுத்தான்னு தெரிஞ்சிடும், ஏன்னா 9 பின் (ஊசி) பிரிண்டர் நல்ல எழுத்துக்கு ஒரே வரி மேல ரெண்டு தடவை ஓடும், தாளமே மாறிடும். கோடு போடுற இடத்துல நீளமா ஒரு கீச்சு. பேப்பர் ஓரத்துத் துளை, அதை இழுக்கிற சக்கரத்துப் பல்லுல இருந்து கழண்டுச்சுன்னா சத்தம் மந்தமாகும், கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடணும். ஒரு நாள் நான் ஓடல. கார்பன் வச்ச மூணு காப்பி பேப்பர்ல சம்பளப் பட்டியல் ஓடிக்கிட்டிருக்கு, சத்தம் மாறுனது நல்லாவே கேட்டுச்சு, போன்ல இருந்தேன், பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். போய்ப் பார்த்தா அத்தனை பேர் சம்பளத்தையும் ஒரே வரியில ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சு, பேப்பர் கிழிஞ்சு, ரோலரெல்லாம் கறுப்பு. ரிப்பன் மை விரல்ல இருந்து போக மூணு நாளாச்சு, மேனேஜர் மூஞ்சி சரியாக அதுக்கும் மேல.

போன் லைன் வழியா கம்ப்யூட்டரை இணைக்கிற மோடம் கூத்து எல்லாருக்கும் தெரியும். அந்த ஸ்பீக்கரை வச்சதே நாம கேட்கத்தான்: பிஸி டோன் வந்தாலோ, எதிர்முனையில ஒரு ஆள் ஹலோன்னாலோ உடனே கட் பண்ணிடலாம். கனெக்ட் ஆனதும் சத்தம் நின்னுடும். அங்க மட்டும்தான் அமைதி நல்ல சேதி.

அந்தக் காலம் திரும்ப வேணும்னு சொல்ல வரல. கரண்ட் போய் பாதி நாள் அடிச்சது காத்தோட போனப்போ பட்டது போதும், ஆட்டோசேவை விட மாட்டேன். என் குறை வேற. அன்னிக்கு மெஷின் என்ன பண்ணுதுன்னு அதுவே சொல்லிக்கிட்டிருந்துச்சு, இன்னிக்கு ஒரு வட்டம் சுத்துது. வேலை நடந்தாலும் அதே வட்டம், செத்துப் போயிருந்தாலும் அதே வட்டம்.

போன வாரம் அப்டேட் 99 சதவீதத்துல நின்னு வெகு நேரம் அப்படியே கிடந்துச்சு. பழக்கதோஷம், குனிஞ்சு லேப்டாப் மேல காதை வச்சேன். உள்ள எஸ்எஸ்டி, சுத்துற தட்டே இல்லாத டிஸ்க், ஒரு சத்தமும் இல்ல. பக்கத்து சீட்டுப் பையன் பார்த்துட்டு "சார், தலை வலிக்குதா?"ன்னான்.