அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு?

நேற்றிலிருந்து எல்லாரும் பகிரும் அந்த மேடைக் காணொளியைப் பற்றித்தான். "முதியவர்களோடு வேலை செய்ய என்ன படிக்கலாம்?" என்று ஒரு மாணவி கேட்கிறாள். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு உனக்கு ஏம்மா இந்தத் தலையெழுத்து?" என்கிறார் சிறப்பு விருந்தினர். அரங்கமே சிரிக்கிறது. அவள் உட்கார்ந்துவிடுகிறாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தலையெழுத்து இல்லை ஐயா, அது படிப்பு. 1935-இல் மார்ஜரி வாரன் என்ற இங்கிலாந்து மருத்துவரிடம், தேறமாட்டார்கள் என்று படுக்கையிலேயே விட்டுவைத்திருந்த 700-க்கும் மேற்பட்டவர்களின் பொறுப்பு வந்தது. ஒவ்வொருவரையும் சோதித்தார், எழுந்து நடக்கப் பழக்கினார், பலரை வீட்டுக்கே அனுப்பினார். அது படித்தவர் செய்த வேலை.

என் அப்பாவுக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நடந்த இரண்டாம் இரவு, என்னையே யாரென்று கேட்டார். சுவரில் ஏதோ ஊர்வதாகக் கையை வீசினார். "வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்றார்கள். நானும் நம்பினேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அப்புறம் முதியோர் மருத்துவம் படித்த ஓர் இளம் மருத்துவர் வந்தார். மருந்துச் சீட்டைப் பார்த்து, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரையை நிறுத்தினார். கழற்றி வைத்திருந்த கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடச் சொன்னார். "இது மறதி நோய் இல்லை, திடீர்க் குழப்பம், தெளிந்துவிடும்" என்றார். மூன்றாம் நாள் காலை அப்பா என்னைப் பார்த்து "சாப்டியா?" என்றார்.

சம்பளம் குறைவு என்பீர்கள். பல இடங்களில் உண்மைதான். அதற்காகச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்போம், படிக்க வருகிறவளை ஏன் விரட்டுகிறீர்கள்? "நாளெல்லாம் சாவையே பார்க்கணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்பாவின் பிசியோதெரபிஸ்ட் பார்த்தது, அப்பா யார் கையையும் பிடிக்காமல் கழிப்பறைவரை போய்வந்ததை. "உன் பிள்ளையை அனுப்புவியா?" அனுப்புவேன். இதைக் கேட்டவர் என் நண்பர், அப்பா படுத்திருந்தபோது வந்து பார்த்தவர். வலிக்கிறது.

2030-இல் உலகில் ஆறில் ஒருவருக்கு 60 வயதோ அதற்கு மேலோ இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களையெல்லாம் யார் பார்ப்பார்கள்? அரங்கில் சிரித்தவர்களில் பாதிப்பேருக்கு என் வயது. உங்கள் வீட்டில் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவர் யாருமே இல்லையா?

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் இதை அவளிடம் காட்டுங்கள். அம்மா, நீ கேட்டதற்குப் பதில் இது: மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, உளவியல், சமூகப்பணி, முதுமையியல். சட்டம் படித்தால், சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்டவர்களுக்காக வாதாடலாம். கட்டடக்கலை படித்தால், தடுக்கி விழாத வீடு கட்டலாம். எதில் சேர்ந்தாலும் முதல் வாரமே ஆசிரியரிடம் அதே கேள்வியைக் கேள், இன்னும் சத்தமாக.