கொலைகாரனுக்கு ஃபிளாஷ்பேக், செத்தவளின் அம்மாவுக்கு ஒரே ஷாட்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு த்ரில்லர் படத்துக்குப் போயிருந்தேன். படத்தின் பெயர் வேண்டாம், அந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. நகரத்தில் வரிசையாகப் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் தூக்கமில்லாமல் அலைகிறார். இன்டர்வல் பிளாக்கில் அவர் வீட்டுப் பிள்ளையையே கொலைகாரன் தூக்கிவிடுகிறான். கடைசி அரை மணி நேரத்தில் அவன் யாரென்று தெரிகிறது, உடனே அவனுடைய சின்ன வயதுச் சோகக் கதை வருகிறது.

படம் முடிந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது அம்மா கேட்டார்: “முதல்ல செத்துச்சே ஒரு பிள்ளை, அதோட ஆத்தா என்னப்பா ஆனா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஆத்தா ஒரே ஒரு ஷாட்டில் வந்தார். பிணவறை வாசலில் மயங்கி விழுந்தார், அதோடு சரி. கொன்றவனுக்குப் பாட்டோடு சேர்த்து இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரமாக இது என் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

படங்களுக்கென்று மரபுகள் இருப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. டிக்கெட் வாங்குகிறவனுக்கு இயக்குநர் கொடுக்கும் வாக்கு அது. த்ரில்லர் என்றால் அடுத்து என்ன ஆகுமோ என்று பதற வேண்டும். டிராமா என்றால், நடந்ததைச் சுமந்துகொண்டு இவர்கள் இனி எப்படி வாழப்போகிறார்கள் என்று நாம் கவலைப்பட வேண்டும். இரண்டும் வேறு வேறு சாதி, கலக்கக் கூடாது என்று யாரோ நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் த்ரில்லரில் சாகிறவர்கள் எல்லாரும் வெறும் தடயமாகிப் போனார்கள்.

அடுத்த குறை, இந்த மறைக்கும் வெறி. கொலைகாரன் யாரென்று கடைசி வரை மூடிவைத்தால்தான் த்ரில்லர் என்று நினைக்கிறார்கள். த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது ஒரு கணக்குச் சொன்னார். மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு சொல்லாமல் வெடித்தால் பார்க்கிறவனுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முதலிலேயே அவனுக்குக் காட்டிவிட்டால் பதினைந்து நிமிடம் பதற்றம். மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றும் தெரியாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள், நமக்குத்தான் கை நடுங்கும்.

இதை நான் ஹிட்ச்காக்கிடம் கற்றுக்கொள்ளவில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் அரிச்சந்திர மயான காண்டம் போடுவார்கள். அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனைப் பாம்பு கடிக்கப் போகிறது என்பது பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். போன வருஷமும் கடித்தது, அதற்கு முந்தின வருஷமும் கடித்தது. ஆனாலும் பையன் தர்ப்பை பறிக்கக் கிளம்பும்போது கூட்டம் அப்படியே அடங்கிவிடும். “போகாத சாமி” என்று என் அப்பத்தா வாய்விட்டே சொல்வார். முடிவு தெரிந்ததால் பயம் கூடியதே தவிர, குறையவில்லை.

நாடகம் என்றதும் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவுக்கு வருகிறார். 1918-ல் இதே மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கியவர். அவர் எழுதியவற்றில் கோவலன் சரித்திரமும் ஒன்று. பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் என்றே ஓர் இடம் இருக்கிறது, கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்று ஊரில் சொல்வார்கள். இந்த வாரம் அந்த வழியாகப் போனபோதுதான் சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்துப் படிக்கத் தோன்றியது.

படித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன் என்பதை இளங்கோ நம்மிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். கோவலனுக்குத்தான் தெரியாது. அவன் மதுரைக்கு வரும்போது கோட்டைக் கொடிகள் ‘வராதே’ என்று கைகாட்டுவது போல அசைகின்றன. சிலம்பை விற்கப் போகும் வழியில் காளை மறிக்கிறது, அது கெட்ட சகுனம் என்று அவனுக்குப் புரியவில்லை. திருடனிடமே போய் விலை கேட்கிறான். அப்புறம் காவலர்கள் வருகிறார்கள், இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். தப்பித்துவிடுவானோ என்று நமக்கு ஒரு நப்பாசை வருகிறது. பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களைக் கரைக்கிறான். கடைசியில் ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். எந்த ஊர் த்ரில்லருக்கும் குறையாத காட்சி இது.

என்னை உட்கார வைத்த விஷயம் இதற்கு அப்புறம்தான். காப்பியத்தில் மொத்தம் 30 காதை, அதாவது அத்தியாயம். கொலை நடப்பது 16-வது காதையில். நம் கணக்கில் சொன்னால் இன்டர்வலில் கொலை முடிந்துவிடுகிறது! மீதி 14 காதையும் கொலைக்கு அப்புறம் நடப்பவை. கண்ணகி சேதி கேட்பது, தெருத்தெருவாக அழுதுகொண்டு போவது, அரசவையில் வழக்காடுவது. அங்கேயும் ஒரு தடயம் உண்டு. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஆனால் அது ட்விஸ்டுக்காக வைத்தது இல்லை. நமக்குத் தெரிந்த உண்மை அரசனுக்குத் தெரிய வருகிற இடம் அது, அந்த இடத்திலேயே அவன் உயிர் போகிறது.

அம்மாவின் கேள்விக்குக்கூட அதில் பதில் இருக்கிறது. கோவலனைப் பெற்றவளும் கண்ணகியைப் பெற்றவளும் துக்கம் தாங்காமல் செத்துப்போகிறார்கள். இரண்டு அப்பாக்களும் துறவு போகிறார்கள். கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் விழுகிறாள். மாதவி மொட்டையடித்துத் துறவியாகிறாள். ஒருத்தரையும் விடாமல் கணக்குச் சொல்கிறது அந்தக் காப்பியம்.

சினிமாவிலும் முடியாதது இல்லை. 2008-ல் வந்த சுப்ரமணியபுரம், ஜெயிலில் இருந்து விடுதலையாகி வருகிறவர் வாசலிலேயே குத்துப்படுவதில் தொடங்கித்தான் 1980-க்குத் திரும்புகிறது. கேடு வரப்போகிறது என்று தெரிந்துதான் அந்தப் பையன்களின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதுரையில் அந்தப் படத்தை எத்தனை பேர் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானே நாலு தடவை போனேன்.

த்ரில்லர் எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கொலைகாரனின் ஃபிளாஷ்பேக்கில் ஐந்து நிமிடம் வெட்டி, பிணவறை வாசலில் விழுந்த அந்த ஆத்தாவுக்குக் கொடுங்கள். அவர் எழுந்து, பஸ் ஏறி வீட்டுக்குப் போய், காலையில் மகள் சாப்பிட்டு வைத்த தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் கேமரா கூடவே போகட்டும்.