தேனைத் தின்கிறவன்

ரஷ்ய மொழியில் கரடிக்கு 'மெத்வேத்' என்று பெயர். இதற்கு ஒரு விளக்கம் அடிக்கடி கண்ணில் படுகிறது: 'ம்யோத்' என்றால் தேன், 'வேதத்' என்றால் அறிதல், ஆகவே 'தேன் இருக்கும் இடம் அறிந்தவன்'. ரஷ்யர்களிலேயே பலர் இதை நம்புகிறார்கள். அந்த 'வேதத்'தும் நம் 'வேத'மும் ஒரே வேர் என்பதால் நமக்கு இன்னும் பிடித்துப்போகும்.

ஆனால் அது தவறு. பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு வேர்விளக்கத்தை ஏற்கவே கூடாது என்பேன்.

ரஷ்யம் உள்ளிட்ட ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான முந்து ஸ்லாவிய மொழியில் தேன் 'மெது'. வடமொழி 'மது'வின் உடன்பிறப்பு. 'ஏத்' என்றால் தின்பது. இரண்டும் சேரும்போது, உயிர் எழுத்துக்கு முன்னால் நிற்கும் உகரம் வகரமாகிறது. மனு + அந்தரம் = மன்வந்தரம் ஆகிறதே, அதே கதைதான். மெது + ஏத் = மெத்வேத். நடுவில் இருக்கும் 'வ்' அறிவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து இல்லை, தேனின் கடைசி உகரம். ரிக் வேதத்திலும் இதே இரு வேர்கள் சேர்ந்த 'மத்வத' என்ற சொல் இருக்கிறது. அங்கே அது பறவைகளுக்கு அடைமொழி. பொருள் ஒன்றுதான்: தேனைத் தின்பது.

அறிஞர்கள் அந்த முந்து ஸ்லாவிய 'மெத்வேத்'துக்கு முன்னால் ஓர் உடுக்குறி (*) போடுவார்கள். யாரும் எழுதிவைத்த சொல் அல்ல, மீட்டெடுத்தது என்று அதற்கு அர்த்தம். ஸ்லாவியர்களுக்கு எழுத்து வந்ததே 9ஆம் நூற்றாண்டில்தான். செக், செர்பியம், போலிஷ், உக்ரைனியம் என்று பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துத் தாயின் முகத்தை வரைகிறார்கள். உக்ரைனியத்தில் எழுத்துகள் இடம் மாறி 'வெத்மித்' ஆகிவிட்டது. போலிஷில் முதல் மகரமே னகரமாகிவிட்டது. அத்தனைக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். அந்த உடுக்குறியின் நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒலி ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்த்து நாம் தினமும் பகிரும் சொல்லாராய்ச்சிகளில் அது இல்லை.

சரி, கரடிக்கு அதற்கு முன் பெயரே இல்லையா? இருந்தது. ஸ்லாவியத்தின் உறவு மொழிகளில் அது தெரிகிறது: கிரேக்கத்தில் 'ஆர்க்டோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்', வடமொழியில் 'ருக்ஷ'. ஆர்க்டிக் என்ற பெயரே வடவானத்துக் கரடி விண்மீன் கூட்டத்தால் வந்ததுதான். ஸ்லாவியத்தில் அந்தப் பழைய சொல் அடியோடு காணோம். பெயரைச் சொன்னால் விலங்கு வந்துவிடும் என்று காட்டில் வாழ்ந்தவர்கள் பயந்திருக்கிறார்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இருட்டிய பிறகு பாம்பு என்று சொன்னால் எங்கள் ஆச்சி அதட்டுவாள், 'பூச்சின்னு சொல்லுடா' என்று. எனக்கு இது புரிய வேறு சான்று தேவைப்படவில்லை.

பிறகு 'தேனைத் தின்கிறவன்' என்ற அந்த மறைபெயரே அசல் பெயராக நிலைத்துவிட்டது. அதையும் வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய ரஷ்ய வேட்டைக்காரர்கள் கரடியை 'ஹஸ்யாயின்' என்றார்கள். எஜமான் என்று பொருள்.