எஸ்பி ஆயில் என்றாலே துத்தநாகம் குறைவா?

எஸ்பி தர ஆயில் (பெட்ரோல் என்ஜின் ஆயிலுக்கு அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது ஏபிஐ, வைத்த ஒரு தரம்) எல்லாவற்றிலும் துத்தநாகம் குறைவு, பழைய பெட்ரோல் அம்பாசடரில் ஊற்றினால் என்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். கவலை நியாயமானதுதான் அண்ணே, ஆனால் எல்லா ஆயிலுக்கும் அது பொருந்தாது. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மத்தில் பாஸ்பரஸும் இருக்கிறது; அதனால் பாஸ்பரஸுக்கு வரம்பு வைத்தால் அந்தச் சேர்மமும் குறையும். அந்தப் பாஸ்பரஸுக்கு வைத்த 0.08 சதவீத உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயில்களுக்குத்தான். தஞ்சாவூர், கும்பகோணம் வெயிலில் அம்பாசடருக்கு நாம் ஊற்றும் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலுக்கு அந்த வரம்பு கிடையாது.

டப்பாவில் உள்ள வட்ட முத்திரையைப் பாருங்கள்: மேல் வளைவில் எஸ்பி, நடுவில் 20டபிள்யூ-50 என்று இருக்கும். வரம்பு எந்த ஆயிலுக்கு என்பது ஏபிஐ 1509 ஆவணத்தில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். வரம்பு இல்லை என்பதால் எல்லா டப்பாவிலும் அதிகம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் தகவல் தாளில் பாஸ்பரஸ் அளவு கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.