பாசி உப்பை நீக்காது

தோல் ஆலைக் கழிவுநீரைப் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்த குளங்களில் சுத்திகரிக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. நல்ல யோசனைதான். பாசி தரும் ஆக்சிஜனில் பாக்டீரியா வேலை செய்யும், காற்றடிக்கும் மின்செலவு குறையும். தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு இந்தக் கழிவுநீரில் நிறையவே இருக்கும்; உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் இது பெரிய உதவி.

ஆனால் உப்பின் அளவு ஏறி இறங்குவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. திடீரென உப்பு கூடினால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறி நுண்ணுயிர்கள் சுருங்கிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் சீக்கிரமே சோர்ந்துபோகும். பல நேரம் வேலை பாதியில் நின்று, இடைநிலைப் பொருளான நைட்ரைட் தேங்கும். மெல்ல மெல்லப் பழக்கினால் ஓரளவு தாங்கும்.

அப்புறம், எந்தக் குளமானாலும் வெளியே வரும் நீரில் உப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். தமிழ்நாட்டில் கரைந்த உப்புகளுக்கு வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அதனால் ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தோலை ஊறவைத்த, உப்பு மிகுந்த நீரைத் தனியாகப் பிரித்து வெயிலில் வற்றவைக்கும் முறையைக் கைவிடவே கூடாது. ஊறவைக்கும் முன்பே தோலில் ஒட்டிய உப்பை உதறி எடுப்பதையும் கண்டிப்பாக்க வேண்டும்.